மீளும் வழியுள்ள மாற்றம்
2022 ஏப்ரல் 4-ஆம் நாள் ஆந்திரத்தின் 13 மாவட்டங்கள் 26 ஆயின. திருப்பதி, சித்தூரினின்று பிரிந்து தனி மாவட்டமாயிற்று. புத்தலப்பட்டு சித்தூரிலேயே நின்றது. ஊருக்கு ஒரே மாவட்டம் எனக் கொண்ட இணையச் செயலியொன்றில், இத்தகைய பிரிவினைக்குப்பின் தரவுத்தள அட்டவணையின் அமைப்பையே மாற்ற நேரிடும்.

பழைய மாவட்டப் பத்தியை நீக்க ஒரு கட்டளை போதும். பிழை நேரின் மீள்வது எங்ஙனம்? ஜாங்கோ போன்ற கருவிகள் எதிர்மாற்றத்தையும் செய்து தரும் என்பது உண்மையே. ஆயினும் நீக்கிய பத்திதான் திரும்பி வரும்; அதிலிருந்த விவரங்கள் வாரா. பாலைக் கொட்டிவிட்டுச் செம்பைத் திருப்பித் தருவது போன்றதே இது!

ஆகவே புதிய பத்தியைப் பழையதன் அருகே சேர்த்து, சில காலம் இரண்டிலும் எழுதி, மாறிய ஊர்களையும் புத்தலப்பட்டு போன்ற மாறாத ஊர்களையும் களப்பணியாளர் ஒப்பிட்ட பின்னரே பழையதை, அதுவும் படியெடுத்து வைத்து, நீக்குதல் தகும். இடம் வீணாகுமே என்பர் சிலர். திருப்பதி மாணவன் ஒருவனின் பழைய சான்றிதழில் ‘சித்தூர்’ என்றிருப்பதை ஒப்பிட வழியின்றிப் போவதை நோக்க, அவ்விழப்பு மிகச் சிறிது.