பதினாறு ஆண்டுச் சுற்றும் ஆண்டறிக்கையும்



துறையின் சாதனையை ஆண்டுதோறும் வெளியாகும் கட்டுரைகளின் எண்ணிக்கையால் அளக்கும் வழக்கத்துக்கு, லாஸ் ஏஞ்சலிஸிலுள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் இயற்பியல், வானியல் துறைப் பேராசிரியர் ஆண்ட்ரியா கெஸ்ஸின் பணி தக்க மறுப்பாகும். 1995 முதல் ஹவாயிலுள்ள 10 மீட்டர் கெக் தொலைநோக்கியால், தூசியை ஊடுருவி வரும் அகச்சிவப்பு ஒளியில், பால்வீதி மையத்தருகே விண்மீன்கள் நகர்வதை அவரது குழு பதிவு செய்து வந்தது. அவற்றுள் எஸ்2 என்னும் விண்மீன் ஒரு சுற்றை முடிக்கவே ஏறக்குறைய 16 ஆண்டுகள் ஆகும். எந்த ஆண்டறிக்கை அதுவரை பொறுத்திருக்கும்? காற்றின் அலைவால் கலங்கும் பிம்பத்தை, வளையும் ஆடியின் வடிவை இடைவிடாது மாற்றிச் சீராக்கும் தகவமைப்பு ஒளியியல் கைகொடுத்த பின்னர், சுற்றுப்பாதை தெளிவாகத் துலங்கி, நடுவே சூரியனைப்போல் ஏறத்தாழ 40 லட்சம் மடங்கு நிறை செறிந்திருப்பது உறுதியானது. ஜெர்மனியில் ரைன்ஹார்ட் கென்சலின் குழுவும் தனித்து அதே முடிவை எட்டியதால், 2020இல் இயற்பியல் நோபல் பரிசின் ஒரு பாதியை இருவரும் பகிர்ந்துகொள்ள, மறுபாதி ரோஜர் பென்ரோஸுக்குச் சென்றது.

வாசகர் ஒருவர்,
திருச்சி