பாலம் கட்டியவர் டாக்சி ஓட்டும் பரிதாபம்! கனடாவில் என்ஜினீயர் லைசென்ஸ் சிக்கல் தீருமா?

டொராண்டோ:-

சொந்த ஊரில் பாலம் கட்டிய என்ஜினீயர், சுரங்கத்துக்கு இடம் பார்த்துச் சொன்ன நிலவியல் நிபுணர்... கனடா போனதும் டாக்சி ஓட்டுகிறார், குடோனில் பெட்டி தூக்குகிறார். இது பல ஆண்டு கதை.

ஏன் இப்படி? விசா வேற, லைசென்ஸ் வேற! படிப்புக்கு மார்க் போட்டு குடியேற்ற விசா தருவது மத்திய அரசு. லைசென்ஸ் தருவதோ அந்தந்த மாகாண அமைப்பு. அது இல்லாமல் லைசென்ஸ் உள்ளவருக்குக் கீழே வேலை பார்க்கலாம். வரைபடத்துக்குப் பொறுப்பேற்று கையெழுத்து போட முடியாது.

உடைந்தது ஒரு பூட்டு

ஒன்டாரியோ மாகாணத்தில் 4 ஆண்டு அனுபவம் கேட்பார்கள். அதில் 12 மாதம் கனடாவில் இருக்க வேண்டும் என்று விதி இருந்தது. அனுபவம் இல்லாமல் வேலை இல்லை, வேலை இல்லாமல் அனுபவம் இல்லை. கோழியா, முட்டையா கதைதான்!

2021-ல் வந்த சட்டத்தைத் தொடர்ந்து, 2023 மே மாதம் என்ஜினீயர் அமைப்பு அந்த விதியைத் தூக்கியது. பிரிட்டிஷ் கொலம்பியாவிலும் 2024 ஜூலை 1 முதல் புதிய சட்டம் நடைமுறைக்கு வந்தது. அங்கு என்ஜினீயருக்கும் நிலவியல் நிபுணருக்கும் ஒரே அமைப்புதான்.

பாதி கிணறுதான்

விதி போனாலும் வேலை தருகிற முதலாளியின் தயக்கம் போய்விடாது. 4 ஆண்டு அனுபவத்தை நிரூபிக்கணும். சட்டம், தொழில் நெறி பற்றிய தேர்வும் உண்டு. சட்டம் கதவைத்தான் திறக்கும், கைப்பிடித்து அழைத்துப் போக ஆள் வேண்டாமா?

மனிடோபா பல்கலைக்கழகம் 2003-ல் அதைச் செய்தது. வெளிநாட்டில் படித்த என்ஜினீயர்களுக்கென்றே தனிப் படிப்பு தொடங்கியது. பாடத்தோடு உள்ளூர் கம்பெனியில் வேலைப் பயிற்சியும் சேர்த்தது. எல்லா மாகாணத்துக்கும் தேவை இதுதான்.

கிளம்பும் முன்னே...

நம்ம பிள்ளைகளும் கனடா போகிறார்கள். விமானம் ஏறும் முன்பே மேலதிகாரியிடம் அனுபவக் கடிதம் வாங்குங்க. பெயர், போன் நம்பர், தேதி இருக்கணும். "எங்க டீம் பாலம் கட்டுச்சு" என்றால் போதாது. அதில் நீங்க என்ன கணக்கு போட்டீங்க, என்ன முடிவு எடுத்தீங்க? கனடாவில் கேட்கும் கேள்வி அதுதான்!