ஊஞ்சலுக்கு முன் ஓர் எறும்புக் கூடு

சென்னைக்கு நடுவே சுமார் 270 ஹெக்டேரில் ஒரு காடு இருக்கிறது. 1978-இல் தேசியப் பூங்காவான அந்தக் கிண்டிக் காட்டை ஒட்டியே சிறுவர் பூங்காவும் பாம்புப் பண்ணையும் உள்ளன. குழந்தைகளோடு வருகிறவர்கள் நேரே ஊஞ்சலுக்கோ பாம்புகளைப் பார்க்கவோ போய்விடுகிறார்கள். மரத்தடியில் நிற்பவர் குறைவு.

ஆனால் பார்க்க வேண்டியது அங்கேதான். கிளை நுனியில் பச்சை இலைகள் பந்துபோல் ஒட்டியிருந்தால் அது முசுறு எறும்பின் கூடு. சில எறும்புகள் வரிசையாக நின்று இலைகளை இழுத்துப் பிடிக்கும். மற்றவை தங்கள் புழுக்களை வாயில் கவ்வி, அவை சுரக்கும் பட்டு நூலால் விளிம்புகளைத் தைக்கும். இதைக் கவனிக்கத் தொடங்கிய பிள்ளையை அங்கிருந்து கிளப்புவது எளிதல்ல. கிளப்பவும் வேண்டாம். கடித்தால் சுள்ளென்று எரியும் என்று மட்டும் சொல்லிவைத்தால் போதும்.

அங்கே திரியும் மானுக்குத் தின்பண்டம் நீட்டுவதும் அன்பு ஆகாது. உப்பும் எண்ணெயும் ஒட்டிய பிளாஸ்டிக் உறையையும் மான்கள் தின்றுவிடும். அது வயிற்றில் சேர்ந்து உயிரையே பறிக்கும்.

எல்லோருக்கும் கிண்டி எட்டாது. பேட்டைப் பூங்காக்களிலோ சிமெண்ட் நடைபாதையும் ரப்பர் தரையும்தான் பெருகுகின்றன. அவற்றில் ஒரு மூலையையாவது நாவல், புங்கன், பூவரசு மரங்களுக்கு மாநகராட்சி விட்டுக்கொடுக்க வேண்டும். அங்கே உதிரும் சருகைக் கூட்டி எரிக்காமல் மண்ணிலேயே மக்க விட வேண்டும்.