மஞ்சளும் மனச்சோர்வும்

அஸ்தம்பட்டியில் எங்கள் தெருவில் யாருக்கு எது வந்தாலும் வைத்தியம் ஒன்றுதான். அடிபட்டால் மஞ்சள் பற்று. சளி பிடித்தால் மஞ்சள் பால். சேலத்து மஞ்சளின் பெருமையில் எனக்கும் பங்கு உண்டாகையால், அதைக் குறை சொல்ல நான் வரவில்லை. ஆனால், வேலைத் தொல்லையால் உறக்கமும் உற்சாகமும் இழந்து டாக்டரிடம் மருந்து வாங்கி உண்டு வந்த என் பழைய மாணவன் ஒருவன், சென்ற மாதம், "ஸார், மாத்திரையை நிறுத்திவிட்டேன். மஞ்சளே மூளையைச் சரிப்படுத்துமாமே!" என்றபோது எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

அவன் கேள்விப்பட்டது முழுப் பொய்யன்று. மஞ்சளுக்கு நிறம் தரும் பொருளுக்குக் குர்குமின் என்று பெயர். நமது மூளையிலோ செரடோனின், டோபமைன் முதலிய பொருள்கள் நரம்புக்கு நரம்பு செய்தி கொண்டு போகும் தபால்காரர்களாக இருக்கின்றன. மனநிலையைப் பேணுவதில் இவற்றுக்குப் பங்கு உண்டு. இவற்றைச் சிதைக்கும் நொதி ஒன்றும் அங்கேயே இருக்கிறது. சண்டிகரிலுள்ள பஞ்சாப் சர்வகலாசாலையார் சுண்டெலிகளுக்குக் குர்குமின் கொடுத்துச் செய்த சோதனை 2008-இல் வெளியாயிற்று. அந்த நொதியின் வேகம் தணிந்து, தபால்காரர்களின் தொகை உயர்ந்ததை அவர்கள் கண்டார்கள்.

சுண்டெலிக்குச் சரி; மனிதனுக்கு? குர்குமின் குடலிலிருந்து இரத்தத்தில் எளிதில் சேர்வதில்லை. மிளகின் காரப் பொருளைச் சிறிது கூட்டினால் சுமார் 20 மடங்கு சேர்கிறது என்று பெங்களூரில் நடந்த ஆராய்ச்சி 1998-இல் காட்டியது. மஞ்சள் பாலில் மிளகுத் தூள் போட்ட பாட்டிமாருக்கு ஒரு கும்பிடு!

குஜராத்திலுள்ள பாவநகர் அரசாங்க மருத்துவக் கல்லூரியில், மனச்சோர்வுற்ற 60 பேரை மூன்று பிரிவாக்கி 6 வாரம் சோதித்து, 2014-இல் முடிவை வெளியிட்டார்கள். ஒரு பிரிவுக்கு வழக்கமான மாத்திரை, ஒன்றுக்குத் தினம் 1000 மில்லிகிராம் குர்குமின், மற்றதற்கு இரண்டும். இரண்டும் உண்டவர்களில் சற்று அதிகம் பேர் தேறினர். ஆயினும் அவ்வேறுபாடு கணிதப்படி உறுதிப்படவில்லை. மருந்தில்லாத போலி மாத்திரை உண்ட பிரிவு ஒன்று ஒப்பிடுவதற்கு இல்லை. மேலும், மஞ்சள் தூளில் குர்குமின் ஏறக்குறைய நூற்றுக்கு மூன்று பங்குதான். அப்படியானால் 1000 மில்லிகிராமுக்கு 30 கிராமுக்கு மேல் தூள் வேண்டும். பாலில் நாம் போடுவதோ ஒரு சிட்டிகை! கடையில் விற்கும் செறிந்த குர்குமின் மாத்திரைகளோ சிலருக்கு ஈரலைக் கெடுத்திருக்கின்றன.

இதையெல்லாம் சொல்லி அவனை டாக்டரிடம் அழைத்துப் போனேன். மாத்திரையைத் திடீரென்று நிறுத்தினால் நோய் திரும்பலாம் என்று அவர் எடுத்துரைத்தார். மஞ்சள் பாலை அவர் தடுக்கவில்லை. இப்போது அவன் இரண்டையும் உட்கொள்ளுகிறான். ஒன்றை மருந்தாகவும், மற்றதை உணவாகவும். உங்கள் வீட்டிலும் சோர்ந்த முகம் ஒன்று இருந்தால், பாலைக் காய்ச்சிக் கொடுங்கள். டாக்டரிடமும் அழைத்துச் செல்லுங்கள்.