கடலா ஏறுகிறது, கரையா இறங்குகிறது?

ஸ்வீடன் தேசத்துத் தலைநகரான ஸ்டாக்ஹோமில் 1774-ம் வருஷம் முதல் கடல் மட்டம் குறிக்கப்பட்டு வருகிறது. அக்கணக்கின்படி அங்கே கடல் படிப்படியாகத் தாழ்ந்தே வந்திருக்கிறது. இதைக் காட்டி, கடல் உயருகிறதென்பது வீண் பீதி என்று ஒருவர் வாதிக்கலாம். அவ்வாதம் நிற்காது என்பதை ஜனங்கள் அறிந்திருத்தல் அவசியமென்று கருதுகிறோம்.

கரையில் நிறுவிய அளவுகோல், தான் நிற்கும் நிலத்துக்கும் கடலுக்கும் உள்ள வித்தியாசத்தையே சொல்லும். பல்லாயிரம் ஆண்டுகளுக்கு முன் ஸ்வீடனை மூடிக் கிடந்த பெரும் பனித்திரள் பூமியை அமுக்கி வைத்திருந்தது. பனி உருகிப் பாரம் நீங்கிய பின், அந்நிலம் இன்றளவும் மெல்ல நிமிர்ந்து வருகிறது. 1731-ல் ஸெல்ஸியஸ் என்னும் வான சாஸ்திரி கடற்கரைப் பாறையில் நீர் மட்டத்தைக் குறித்து வைத்தார். கடல் நீர் குறைந்து வருவதாக அவர் எண்ணினார். உண்மையில் எழும்பியது பாறையே.

இன்று கிரீன்லாந்திலும் பனி கரையக் கரைய நிலம் எழும்புகிறது. பனித்திரளின் ஆகர்ஷண சக்தி குறைவதால் அருகிலுள்ள கடலும் தாழ்கிறது. அந்த நீரோ தூரத்து உஷ்ணப் பிரதேசக் கரைகளில் வந்து ஏறுகிறது. உலகைச் சூடாக்கியதில் பெரும் பங்கு ஒரு சாராருடையது; நனைவது வேறொரு சாரார்!

இதற்கு நேர்மாறானது ஜகார்த்தாவின் நிலை. நிலத்தடி நீரை அளவின்றி இறைத்ததால் அந்நகரின் வடபகுதி அமிழ்ந்து வருகிறது. அங்கே கடலை மட்டும் குற்றவாளியாக்குவது நியாயமன்று. டோக்கியோவிலும் சில பகுதிகள் சென்ற நூற்றாண்டில் 4 மீட்டருக்கு மேல் தாழ்ந்தன. நீர் இறைப்பதைச் சட்டத்தால் கட்டுப்படுத்திய பின், தாழ்வது பெரும்பாலும் நின்றது. மனிதர் செய்த தீங்கை மனிதரே நிறுத்தலாம் என்பதற்கு இதைவிட வேறு அத்தாட்சி வேண்டுமோ?

நிலத்தின் அசைவைக் கழித்துப் பார்த்தாலும், 1901 முதல் 2018 வரை உலகக் கடல் மட்டம் சராசரி சுமார் 20 சென்டிமீட்டர் உயர்ந்திருக்கிறது. அதன் வேகமும் வளர்ந்திருக்கிறது. ஆகவே ஸ்டாக்ஹோமைக் காட்டிக் கடலின் ஏற்றத்தை மறுப்பதும் தவறு. கடலின் ஏற்றத்தைக் காட்டி நிலத்தடி நீர்க் கொள்ளையை மறைப்பதும் தவறு.

வங்காளத்தில் ஹூக்ளி நதி தீரத்திலுள்ள டயமண்ட் ஹார்பரின் கணக்கு மிகுந்த உயர்வைக் காட்டுகிறது. அதில் டெல்டா மண் அமிழ்வதற்கும் பங்குண்டு. எனவே நம் நாட்டில் கடல் மட்டம் அளக்கும் ஒவ்வோர் இடத்திலும் நிலத்தின் ஏற்றத்தாழ்வையும் அளந்து, இரு கணக்குகளையும் சர்க்கார் ஜனங்கள் முன் வைக்க வேண்டும். எது கடலின் செய்கை, எது நம் செய்கை என்று தெரியாமல் கட்டும் சுவர் எதுவும் கரையோரத்து ஏழைகளின் குடிசைகளைக் காக்காது.