அண்ணன் சட்டை போட்ட தம்பி



சென்ற டிசம்பர் விடுமுறைக்குச் சிங்கப்பூரிலிருந்து என் மகள் வயிற்றுப் பேரன் திருவாமாத்தூர் வந்திருந்தான். பதினோரு வயது. வந்த மறுநாள் திண்ணையில் உட்கார்ந்து கையடக்க விளையாட்டுக் கருவியில் மும்முரமாக எதையோ ஆடிக் கொண்டிருந்தான். பாட்டி கொண்டு வந்து வைத்த சுண்டல் ஆறிக் கொண்டிருந்தது. திடீரென்று கருவியைக் கீழே வைத்துவிட்டு உதட்டைப் பிதுக்கினான்.

“தாத்தா, இது வேஸ்ட். முதல் பாகம் சூப்பரா இருந்தது. ரெண்டாவது பாகத்துல அதே மூஞ்சிங்களே திரும்பத் திரும்ப வருது!”

“எவ்வளவு நேரம் ஆடினாய்?” என்று கேட்டேன்.

“ஒரு மணி நேரம்.”

எனக்குச் சிரிப்பு வந்தது. முப்பத்து நான்கு வருடம் விடைத்தாள் திருத்தியவன் நான். முதல் பக்கத்தை மட்டும் பார்த்து மதிப்பெண் போட்டிருந்தால் பாதிப் பிள்ளைகள் தோற்றுப் போயிருப்பார்கள்! ஆகவே அவனிடம் ஓர் ஒப்பந்தம் போட்டேன். ஒரு நோட்டில் நடுவே கோடு கிழிக்க வேண்டும். இடப் பக்கம் ‘குறை’, வலப் பக்கம் ‘நிறை’. தினமும் விளக்கு வைத்த பிறகு ஒரு மணி நேரம் ஆடலாம். நான் பக்கத்தில் உட்கார்ந்து பார்ப்பேன். முழுக்க ஆடி முடித்த பிறகுதான் தீர்ப்பு.

விளையாட்டின் பெயர் ‘தி லெஜண்ட் ஆஃப் செல்டா: மஜோராஸ் மாஸ்க்’. ஜப்பானின் நிண்டெண்டோ நிறுவனம் 2000ஆம் ஆண்டு வெளியிட்டது. பழைய விளையாட்டுதான். 2022 முதல் புதிய கருவியிலும் ஆட முடிகிறது. இதற்கு முந்தைய பாகம் 1998இல் வந்த ‘ஒகரினா ஆஃப் டைம்’. உலகம் முழுவதும் பெரும் புகழ் பெற்றது அது.

தெரியாதவர்களுக்காகக் கதையைச் சொல்கிறேன். லிங்க் என்ற சிறுவன் காட்டு வழியில் போகும்போது டெர்மினா என்ற வேறோர் உலகத்துக்கு வந்து சேர்கிறான். அங்கே ஒரு குறும்புக்காரன் தீய முகமூடி ஒன்றை அணிந்து கொண்டு, வானத்து நிலாவையே இழுத்து ஊர் மேல் போடப் பார்க்கிறான். நிலா விழ இன்னும் மூன்று நாள்தான்! அதற்குள் ஊரைக் காப்பாற்ற வேண்டும். முடியவில்லை என்றால் லிங்க் தன் ஊதுகருவியை வாசித்துக் காலத்தைத் திருப்பி, மறுபடி முதல் நாள் காலைக்கே போகலாம்.

இந்த விளையாட்டில் மொத்தம் 24 முகமூடிகள் உண்டு. சிலவற்றை அணிந்தால் லிங்க் ஆளே மாறிவிடுவான். ஒன்றைப் போட்டால் மலைவாழ் பாறை மனிதன். இன்னொன்றைப் போட்டால் மீனைப் போல் நீந்துகிறவன். நம் பக்கத்துத் தெருக்கூத்தில் வேடம் கட்டியதும் நேற்று வரை ஏர் ஓட்டியவர் துரியோதனனாக மாறி நிற்பாரே, அது போல! “வேடம் கட்டி ஆடற ஆட்டம்னு சொல்லு” என்றேன். பேரனுக்கு அந்தப் பெயர் பிடித்துவிட்டது.

முதல் மூன்று நாளில் நோட்டின் இடப் பக்கம் மளமளவென்று நிரம்பியது. அவன் எழுதிய குறைகள் இவை:

முதல் பாகத்தில் பார்த்த அதே முகங்கள், அதே உடல்கள். பெயர் மட்டும் வேறு.

புதிர்கள் நிறைந்த பெரிய கூடங்கள் இதில் நான்குதான். முதல் பாகத்தில் அதைப் போல இரு மடங்கு.

கடிகாரம் ஓடிக் கொண்டே இருக்கிறது. விளையாட்டின் மூன்று நாள் என்பது நம் கணக்கில் 54 நிமிடம். நின்று நிதானமாகச் சுற்றிப் பார்க்க விடாமல் துரத்துகிறது. வேகத்தைக் குறைக்க ஒரு பாட்டு உண்டு. ஆனால் அதை நாமாகத்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

காலத்தைத் திருப்பினால் கையிலிருந்த காசு, அம்பு, வெடி எல்லாம் போய்விடும். வங்கியில் போட்ட காசு மட்டும் நிற்கும். (இதைப் பார்த்ததும் பாட்டி, “பாத்தியா, அதான் அஞ்சலகத்துல போடுன்னு சொல்றேன்!” என்றாள்.)

ஆட்டத்தை முழுமையாகச் சேமிக்க முதல் நாளுக்குத் திரும்பியாக வேண்டும். நடுவில் ஆந்தைச் சிலையருகே தற்காலிகமாக நிறுத்தலாம், அவ்வளவுதான்.

நியாயமான குறைகள். ஒன்றைக்கூட நான் அடிக்கவில்லை. ஆனால் ஒரு கேள்வி கேட்டேன்: “ஏன் அதே முகங்கள்?” இருவரும் தேடிப் படித்தோம்.

முதல் பாகத்தை உருவாக்கியவர்களில் ஒருவர் எய்ஜி அவோனுமா. அது வெற்றி பெற்றதும், அதே விளையாட்டின் புதிர்க் கூடங்களைக் கொஞ்சம் மாற்றி அமைத்து மறுபடி தரும்படி அவரிடம் சொன்னார்கள். அவருக்கு மனம் ஒப்பவில்லை. புதிதாக ஒன்று செய்ய விரும்பினார். “அப்படியானால் ஒரு வருடத்துக்குள் செய்து காட்டு” என்ற விதமாக அவருடைய மேலாளர் ஷிகெரு மியாமோட்டோ சவால் விட்டார். ஒரு வருடத்தில் எல்லா முகங்களையும் புதிதாக வரைய நேரம் ஏது? முதல் பாகத்துக்கு வரைந்தவற்றையே எடுத்துப் பயன்படுத்தினார்கள். யோஷியாகி கொய்சுமி என்பவரும் சேர்ந்து உழைத்தார். முதல் பாகம் வந்த பதினேழாம் மாதம் இரண்டாம் பாகம் ஜப்பானில் கடைக்கு வந்துவிட்டது.

இது எனக்கு ஒன்றும் புதிதாகத் தெரியவில்லை. நானும் என் அண்ணன் சட்டையைப் போட்டு வளர்ந்தவன்தான். கை நீளம், காலர் நைந்தது, ஒரு பொத்தான் வேறு நிறம். அண்ணன் படித்த புத்தகத்தில் விடைகள் ஏற்கெனவே பென்சிலால் எழுதியிருக்கும்! சட்டை அண்ணனுடையது. ஆனால் அதற்குள் இருந்தவன் நான் அல்லவா?

இந்த இரண்டாம் பாகமும் அப்படித்தான். சட்டைக்குள் யார் என்பது நான்காம் நாள் தெரிய ஆரம்பித்தது. பேரனின் பேனா வலப் பக்கம் நகர்ந்தது.

முதல் பாகத்தின் கதையில் உலகம் பெரியது, மனிதர்கள் சிறியவர்கள். இதில் ஊர் சிறியது, மனிதர்கள் பெரியவர்கள்! கடிகார ஊரில் உள்ள ஒவ்வொருவருக்கும் மூன்று நாளுக்கு ஒரு நேர அட்டவணை உண்டு. யார் எத்தனை மணிக்கு எந்தத் தெருவில் நடப்பார், யாருக்கு என்ன கவலை என்பதை நாம் கவனித்துத் தெரிந்து கொள்ள வேண்டும். அந்த ஊர்ச் சிறுவர் கூட்டம் ஒன்று நமக்கு ஒரு குறிப்பேடு தருகிறது. சண்டைக் கணக்கு எழுத அல்ல. யாருக்கு எப்போது உதவி தேவை என்று குறித்துக் கொள்ள.

அந்த ஊரில் ஒரு தபால்காரர். நிலா தலைக்கு மேல் வந்துவிட்டது. ஊரே காலியாகிறது. அவர் மட்டும் ஓடவில்லை. ஏன் தெரியுமா? ‘ஓட வேண்டும்’ என்று அவருடைய அட்டவணையில் எழுதவில்லையாம்! சிரித்துக் கொண்டே இருந்த பேரன், அவர் அறையில் தனியாகத் தவிப்பதைப் பார்த்ததும் சும்மா இருந்துவிட்டான்.

விடுதி நடத்தும் பெண் ஒருத்தி. பெயர் அஞ்சு. திருவிழா அன்று அவளுக்குக் கல்யாணம். மாப்பிள்ளையைக் காணோம். முகமூடிக்காரன் அவனைச் சிறுவனாக மாற்றிவிட்டான். கல்யாண முகமூடியையும் ஒரு திருடன் பறித்துப் போனதால், அதை மீட்காமல் முகத்தைக் காட்ட மாட்டேன் என்று மறைந்து வாழ்கிறான். இருவருக்கும் நடுவே கடிதம் கொண்டு போவது நம் வேலை. ஒரு சந்திப்பைத் தவற விட்டால் மறுபடி முதல் நாள்! பேரன் இரண்டு தடவை தவற விட்டான். மூன்றாம் தடவை, நிலா விழச் சற்று நேரமே இருக்கும்போது, மாப்பிள்ளை வந்து கதவைத் திறந்தான். பாட்டி அடுப்படியை விட்டு வந்து நின்று பார்த்தாள்.

அதன் பிறகு காலத்தைத் திருப்ப வேண்டியிருந்தது. முதல் நாள் காலை அஞ்சு எதுவும் தெரியாமல் மறுபடி காத்திருந்தாள். “நான் செஞ்சது எல்லாம் போச்சே தாத்தா!” என்றான் பேரன்.

“அவளுக்கு மறந்து போச்சு. உனக்கு மறந்து போச்சா?” என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்துவிட்டுத் தலையை ஆட்டினான்.

இப்போது பாருங்கள் குழந்தைகளே! அவன் முதலில் குறை என்று எழுதிய கடிகாரம்தான் இந்தக் கதைக்கே உயிர். நேரம் ஓடாவிட்டால் தபால்காரருக்குத் தவிப்பு ஏது? அஞ்சுவின் காத்திருப்புக்குப் பொருள் ஏது? ஆனால் சேமிக்கும் தொல்லை அப்படி அல்ல; அது வெறும் தொல்லைதான். 2015இல் இன்னொரு கருவிக்காகப் புதுப்பித்தபோது அதைத் திருத்தியும் விட்டார்கள். ஆகவே குறைகளிலும் இரண்டு வகை உண்டு. ஒன்று, எடுத்துவிட்டால் பொருள் இன்னும் நன்றாகும். மற்றொன்று, எடுத்துவிட்டால் பொருளே கெட்டுப் போகும். இதைப் பிரித்துப் பார்க்கத் தெரிந்தவனே நல்ல விமரிசகன்.

தமிழிலும் ஒரு புகழ் பெற்ற இரண்டாம் பாகம் உண்டு. இளங்கோவடிகளின் சிலப்பதிகாரத்தில் கோவலன், மாதவி கதை வருகிறது. அவர்களுடைய மகளின் கதையைச் சீத்தலைச் சாத்தனார் மணிமேகலையாகப் பாடினார். இரண்டும் சேர்ந்து இரட்டைக் காப்பியங்கள். வகுப்பில் இதை நடத்தும்போது பிள்ளைகள், “சார், சிலப்பதிகாரம்தான் நல்லாயிருக்கு. இதுல நிறைய சமய வாதம்” என்பார்கள். உண்மைதான். ஆனால் பசித்தவர்களுக்கு அள்ள அள்ளக் குறையாமல் சோறு தரும் அமுதசுரபியும், சிறைச்சாலையை அறச்சாலையாக மாற்றச் சொன்ன பெண்ணும் இரண்டாம் காப்பியத்தில் அல்லவா இருக்கிறார்கள்! சிலப்பதிகாரம் நீதி கேட்டது. மணிமேகலை பசியைக் கேட்டது. கண்ணகி எங்கே என்று தேடிக் கொண்டே படித்தால் மணிமேகலை கண்ணில் பட மாட்டாள்.

இதை எல்லாம் உங்களுக்குச் சொல்கிற நான், ஒரு காலத்தில் இதே தவற்றைச் செய்தவன். அதையும் சொல்லிவிடுகிறேன்.

ஐந்தாம் வகுப்புக்கு ஒரு சிறுமி வந்தாள். அவள் அக்கா இரண்டு வருடம் முன்பு என்னிடம் படித்தவள். முத்து முத்தான கையெழுத்து, வகுப்பில் முதல். முதல் நாளே, “ஓ, நீ அவள் தங்கையா? அக்காவைப் போல எழுது பார்ப்போம்” என்றேன். தங்கையின் எழுத்துக் கோணல் மாணல். நோட்டைத் திருத்தும்போதெல்லாம் அக்கா பெயரைச் சொன்னேன். நல்லதற்குத்தான் சொல்வதாக நினைப்பு.

ஆண்டு முடியும் நேரம். ஒரு நாள் ஒன்றாம் வகுப்புப் பையன் தாமதமாக வந்ததற்கு வாசலில் நிறுத்தினேன். அந்தச் சிறுமி எழுந்து, “சார், அவங்கம்மா கரும்பு வெட்டப் போயிருக்காங்க. தங்கச்சிய ஆயா வீட்ல விட்டுட்டுத்தான் இவன் வரணும்” என்றாள். விசாரித்தால், பள்ளியில் எந்தப் பிள்ளை காலையில் சாப்பிடவில்லை, யாருக்குச் செருப்பு இல்லை, யார் எந்த நேரம் அழுவான் என்று எல்லாம் அவளுக்குத் தெரிந்திருந்தது. சின்னப் பிள்ளைகள் அழுதால் அவளைத்தான் தேடிப் போவார்களாம். வருடம் முழுக்க என் கண்ணெதிரே இருந்திருக்கிறது. நான் அக்காவின் கையெழுத்தையே தேடிக் கொண்டிருந்தேன்.

“இவ்வளவு தெரிந்து வைத்திருக்கிறாயே, ஏன் என்னிடம் சொல்லவில்லை?” என்று கேட்டேன். “நீங்க அக்காவப் பத்தித்தானே சார் கேப்பீங்க” என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. சாதாரணமாகத்தான் சொன்னாள். இன்றும் அது என் காதில் இருக்கிறது. அதன் பிறகு எந்தப் பிள்ளையிடமும் “நீ யாருடைய தம்பி?” என்று முதல் நாளில் நான் கேட்டதில்லை.

பேரன் ஊருக்குப் போகும் நாள் அவனைப் பம்பை ஆற்றங்கரைக்கு அழைத்துப் போனேன். எங்கள் ஊரைப் பற்றித் ‘திருவாமாத்தூர்க் கலம்பகம்’ பாடியவர்கள் இரட்டைப் புலவர்கள். ஒருவருக்குக் கண் தெரியாது. மற்றவருக்குக் கால் நடக்காது. கண் தெரியாதவர் தோளில் கால் நடக்காதவர் ஏறிக் கொண்டு வழி சொல்வாராம். பாட்டிலும் அப்படியே. ஒருவர் முதல் பாதியைத் தொடங்க, மற்றவர் பின் பாதியைப் பாடி முடிப்பார் என்பார்கள். பின் பாதி பாடியவர் முன் பாதியையே திருப்பிச் சொல்லியிருந்தால் பாட்டு முடிந்திருக்குமா? அதை விட்டுவிட்டு வேறு பாட்டுக்குப் போயிருந்தாலும் முடிந்திருக்காது. முன்னதைத் தோளில் ஏற்றிக் கொண்டு தன் வழியே நடப்பதுதான் இரண்டாவதின் வேலை.

பேரன் வண்டி ஏறுமுன் நோட்டை என்னிடம் கொடுத்தான். இடப் பக்கம் ஐந்து வரி; வலப் பக்கம் ஒன்பது. அடியில், “முதல் பாகம் அளவுக்குப் பெரிசு இல்ல. ஆனா எனக்கு இதுதான் ஞாபகம் இருக்கும்” என்று எழுதியிருந்தான். எழுத்துப் பிழை இரண்டு. திருத்தவில்லை!

செல்லங்களே! இந்த வாரம் நீங்களும் ஒரு கோடு கிழியுங்கள். ஒரு படமோ, புத்தகமோ, விளையாட்டோ, முழுக்கப் பார்த்து முடித்துவிட்டு இரண்டு பக்கமும் எழுதுங்கள். குணத்தையும் குற்றத்தையும் சேர்த்து எடை போடச் சொன்ன வள்ளுவருக்கு அது பிடிக்கும். வீட்டில் தம்பியோ தங்கையோ இருந்தால், அவர்களுக்கு மட்டும் தெரிந்த ஒன்றை இன்று கேட்டுத் தெரிந்து கொள்ளுங்கள். நீங்களே தம்பியோ தங்கையோ என்றால், அண்ணன் சட்டை பெரிதாக இருக்கிறதே என்று கவலைப்படாதீர்கள். கையை மடித்து விட்டுக் கொள்ளுங்கள். வேலை நடக்கும்!

அன்புடன்,
உங்கள் ஆசிரியர் தாத்தா,
திருவாமாத்தூர்.