கமராவும் கையுமாக ஒரு நாள்

சென்ற விடுமுறையின் தொடக்கத்தில், எமது கல்லூரி மாணவர் இருவர் என் வீட்டுப் படலையைத் திறந்துகொண்டு வந்தனர். "சேர், திருகோணமலையைப் படம் பிடிக்க வேண்டும். எங்கே தொடங்கலாம்?" என்பது அவர்கள் வினா. "எதைப் படம் பிடிக்கப் போகிறீர்கள்?" என்று கேட்டேன். "எல்லாவற்றையுந்தான்" என்றனர். எல்லாவற்றையும் எடுக்கப் புறப்பட்டவன் ஒன்றையும் எடுக்காமல் திரும்புவான் என்பதை நான் பட்டுத் தெரிந்துகொண்டவன். ஆகவே அவர்களைத் திண்ணையில் இருத்தி என் கதையைச் சொன்னேன்.

பல்கலைக்கழக மாணவனாக இருந்த காலத்தில், இரவல் கமரா ஒன்றுடன் உப்புவெளிக்கு வந்தேன். சுருளில் முப்பத்தாறு படங்கள். அவற்றுள் முப்பதுக்கு மேற்பட்டவற்றைக் கடலில் எழும் சூரியனுக்கே செலவிட்டேன். முற்றத்தில் இருந்து கிடுகு பின்னிக்கொண்டிருந்த அப்பம்மா, "என்னையும் ஒண்டு எடுவன், தம்பி" என்றார். "நாளைக்கு எடுப்பம்" என்றேன். அடுத்த ஆண்டில் அவர் காலமானார். 2004 டிசம்பர் 26ஆம் நாள் கடல் ஊருக்குள் வந்தபோது வீட்டு அல்பமும் போயிற்று. இன்று அவர் முகம் எந்தத் தாளிலும் இல்லை. சூரியனோ நாள்தோறும் தவறாமல் எழுகிறது.

இக்கதையைக் கேட்டபின் மாணவர்களின் வேகம் சற்றுத் தணிந்தது. அதன்பின் மூவருமாக ஒரு தாளை விரித்து, ஒரு நாள் நடைக்குத் திட்டம் வகுத்தோம். பிள்ளைகளை அழைத்துச் செல்ல எண்ணும் பெற்றோருக்கும், தாமே செல்ல விரும்பும் மாணவருக்கும் அது பயன்படலாம் என்பதால் இங்கே எழுதுகின்றேன்.

முதலாவது, ஊரின் அமைப்பையும் வெளிச்சத்தையும் அறிதல் வேண்டும். திருகோணமலை நகர் இரு நீர்ப்பரப்புகளுக்கு இடையே கிடக்கும் ஒரு நிலக்கழுத்து. கிழக்கே திறந்த கடல். மேற்கே மலைகள் காவல் நிற்கும் உட்டுறைமுகம். ஆதலின் காலை வெளிச்சம் கடற்கரைக்கு உரியது. மாலை வெளிச்சம் துறைமுகத்துக்கு உரியது. இந்த ஒன்றை மனத்திற் கொண்டால் பாதித் திட்டம் முடிந்துவிடும். நடுப்பகலில் கமராவை உறையில் இடுங்கள். எமது ஊர் நிலநடுக்கோட்டுக்கு வடக்கே எட்டரைப் பாகையளவில் இருப்பதால், சித்திரைப் புத்தாண்டை ஒட்டிய நாட்களிலும் ஆகத்து மாத இறுதியிலும் சூரியன் உச்சிக்கு நேரே வந்து நிற்கும். அவ்வேளையில் எடுத்த படத்தில் மனிதரின் கண்கள் இருண்ட குழிகளாகிவிடும். காலை எட்டரை மணிக்கு முன்னும் மாலை நான்கு மணிக்குப் பின்னும் வெயில் சாய்ந்து விழும், முகங்கள் துலங்கும்.

பருவத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள். ஐப்பசி முதல் தை வரை வடகீழ்ப் பருவமழை. சித்திரைக்குப் பின் கடல் அடங்கும். கரைவலைத் தொழில் களைகட்டும். கச்சான் காற்று வீசும் மாதங்களில் மணலும் பறக்கும் என்பதால், மெல்லிய பருத்தித் துணி ஒன்று கையில் இருக்கட்டும். உப்புக் காற்றுப் பட்ட கண்ணாடியை அழுத்தித் துடைத்தால் கீறல் விழும். முதலில் மணலை ஊதிவிட்டுப் பின் துடைக்க வேண்டும்.

இரண்டாவது, எண்ணிக்கை. அக்காலத்துச் சதுரப்படக் கமராவில் ஒரு சுருளுக்குப் பன்னிரண்டு படங்களே உண்டு. இக்காலத்துக் கைத்தொலைபேசியிலோ ஆயிரம் எடுக்கலாம். எடுத்தபின் ஒன்றையும் பார்ப்பதில்லை. "உங்களுக்கும் பன்னிரண்டுதான்" என்றேன். முகத்தைச் சுளித்தனர். எனினும் இசைந்தனர்.

மூன்றாவது, வழி. விடியுமுன் உப்புவெளிக் கடற்கரையிலே தொடங்குங்கள். கரைவலை இழுப்போர் இரு வரிசையாக நின்று கயிற்றைப் பற்றி, அம்பாப் பாட்டின் தாளத்துக்கு அடியெடுத்து வைப்பர். மீன் நிறைந்த மடி கரையேறுங் கணத்துக்காக எல்லாரும் காத்திருப்பர். நீங்கள் அதற்கு முன்னரே எடுங்கள்; கயிற்றைப் பற்றிய கைகளில்தான் தொழிலின் வரலாறு இருக்கிறது. கயிற்றுக்குக் குறுக்கே போய் நிற்காதீர்கள். அது அவர்களுடைய சோறு.

அங்கிருந்து நிலாவெளி வீதிக்கு ஏறினால், இரண்டாம் உலகப் போரில் மாண்டோரின் மயானம். 1942 ஏப்ரல் 9ஆம் நாள் ஜப்பானிய விமானங்கள் இத்துறைமுகத்தைத் தாக்கின. அன்றே மட்டக்களப்புக்கு அப்பால் 'ஹேர்மிஸ்' என்னும் விமானந்தாங்கிக் கப்பலையும் மூழ்கடித்தன. போர்க்காலத்தில் இப்பகுதியில் இறந்த மாலுமிகளும் வீரர்களும் வரிசை வரிசையாக இங்கே உறங்குகின்றனர். கல்லில் உள்ள வயதுகளை வாசித்துப் பாருங்கள். பலர் உங்களிலும் ஓரிரண்டு ஆண்டுகளே மூத்தவர்கள். இங்கே ஒரு படம் போதும். சிரித்துக்கொண்டு எடுக்கும் படத்துக்கு இது இடமன்று.

நகர் வரை ஏறக்குறைய ஐந்து கிலோமீற்றர். சிறுவர் உடனிருந்தால் நிலாவெளியிலிருந்து வரும் பஸ்ஸில் ஏறிவிடலாம். பெரிய கடைப் பக்கம் இறங்கினால் கடைத்தெரு விழித்துக்கொள்ளும் நேரமாக இருக்கும். பள்ளிவாசலின் மினாராவும், அம்மன் கோயிற் கோபுரமும், மாதா கோயிலின் சிலுவையும் சிறிது தூரத்துக்குள்ளேயே தென்படும். தமிழரும், முஸ்லிம்களும், சிங்களரும், பாலையூற்றுப் பக்கத்துப் பறங்கியரும் ஒரே மீன்கடையில் விலை பேசுவதைக் காணலாம். வழிபாட்டு இடங்களைத் தனித்தனியே எடுத்து வரிசையாக வைப்பது எளிது. ஒரே தேநீர்க் கடை வாங்கிலில் அமர்ந்திருக்கும் மூவரை, அவர்கள் இசைவுடன், ஒரு படத்திற் கொணர்வதே கடினம். அதையே முயலுங்கள். வெள்ளிக்கிழமை நண்பகலில் பள்ளிவாசல் வாயிலிலும், பூசை வேளையில் கருவறைப் பக்கமும், பூசைப் பலி நடக்கையில் தேவாலயத்தின் உள்ளும் கமராவை உயர்த்தாதீர்கள். தொழுகின்ற முகம் தொழப்படும் தெய்வத்துக்கு உரியது.

ஆங்கிலம் கற்கும் மாணவருக்கு ஒரு வியப்புச் செய்தி. நகரின் பழைய ஆங்கிலேயர் மயானத்தில் சாள்ஸ் ஓஸ்டின் என்னும் கடற்படைத் தளபதி அடக்கம் செய்யப்பட்டுள்ளார். அவர் 1852இல் பர்மாவில் ஐராவதி ஆற்றில் கப்பலில் இருந்தபோது காலமானவர். புகழ் பெற்ற நாவலாசிரியை ஜேன் ஓஸ்டினின் தம்பி அவரே. பரீட்சைக்குப் படிக்கும் பெயர் ஒன்று நம் தெருவோரத்துக் கல்லில் இருப்பதைக் காணும் மாணவன், அந்தப் பாடத்தை மறக்க மாட்டான்.

பகலில் ஓய்வு. மாலை நான்கு மணியளவில் கோட்டை வாயிலை அடையுங்கள். போர்த்துக்கேயர் 1622இல் கோணேசர் ஆலயத்தை இடித்து, அதன் கற்களையும் கொண்டு எழுப்பிய கோட்டை இது. பின்னர் ஒல்லாந்தர் கைக்கும், 1795இல் பிரித்தானியர் கைக்கும் மாறி, 1803இல் 'பிரடெரிக் கோட்டை' எனப் பெயர் பெற்றது. வாயிற் கல்லொன்றிலே கயல் மீன் உருவமும் சிதைந்த தமிழ் எழுத்துகளும் உள்ளன. வெளிச்சம் நேரே விழும்போது கல்லெழுத்து மறைந்துவிடும். பக்கவாட்டிற் சாய்ந்து விழும்போதே நிழல் கட்டித் தோன்றும். கல்வெட்டைப் படம் பிடிக்க விரும்புவோர் இதை மறத்தலாகாது. கோட்டைக்குள் இராணுவம் தங்கியிருப்பதால், காவலில் நிற்பவரைக் கேட்டபின்னரே கமராவை எடுங்கள். கடற்படைத் தளத்தையும் எடுக்கக் கூடாது. உள்ளே மேயும் புள்ளிமான்களிடம் மட்டும் அனுமதி கேட்க வேண்டியதில்லை! கோட்டைக்குள் ஒரு புத்த விகாரையும் உண்டு.

மேலே சுவாமிமலை, அதன் உச்சியில் கோணேசர். படக்கலையும் இத்தலமும் சந்தித்த கதை ஒன்றுண்டு. இடிக்கப்பட்ட பெருங்கோயில் எப்படி இருந்தது என்று காட்ட ஒரு புகைப்படமும் இல்லை. அக்கலையே 1839இல்தான் உலகறிய வெளிவந்தது. ஞானசம்பந்தர் ஏழாம் நூற்றாண்டிற் பாடிய பதிகமே எமக்குக் கிடைத்துள்ள மிகப் பழைய 'படம்'. அதையும் அவர் இராமேசுவரத்தில் நின்றவாறே பாடினார் என்பது மரபு. 1950இல் மலைக்கு அண்மையில் கிணறு வெட்டியபோது பழைய தெய்வப் படிமங்கள் வெளிப்பட்டன. 1956இல் எழுத்தாளர் ஆதர் சி. கிளார்க்கும் அவர் நண்பர் மைக் வில்சனும் மலையடிக் கடலிற் சுழியோடினர். இடிந்த கோயிலின் தூண்களும் செதுக்கிய கற்களும் நீரடியிற் கிடப்பதைக் கண்டு படம் பிடித்தனர். மூன்று நூற்றாண்டாகக் கடலுக்குள் இருந்ததை ஊரவர் கண்முன் கொணர்ந்தது ஒரு கமரா. 1963இல் புதிய ஆலயத்துக்குக் குடமுழுக்கு நிகழ்ந்தது. இராவணன் வெட்டின் விளிம்பில் நின்று படம் எடுக்கையில், பின்னால் அடி வைக்கும் முன் திரும்பிப் பாருங்கள். படத்துக்காக ஓர் உயிரைப் பணயம் வைத்தல் தகாது.

ஞாயிறு மறையுமுன் உட்டுறைமுக வீதிக்கு வந்துவிட்டால், மேற்கு மலைகளின் பின்னே ஒளி அடங்கும் காட்சி உங்களுடையது. பன்னிரண்டாவது படத்தை அதற்கென மீதம் வையுங்கள்.

இத்திட்டப்படி அவ்விரு மாணவரும் நானும் ஒரு சனிக்கிழமை புறப்பட்டோம். விடியற்காலையில் கருவாடு காயவிட்டுக்கொண்டிருந்த ஆச்சி ஒருவரை, மாணவர்களில் ஒருவன் கேளாமலே எடுத்துவிட்டான். அவர் சேலைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டார். "கேட்டுப்போட்டு எடுத்தால் என்ன, தம்பி?" என்ற அவர் குரலிற் கோபம் இல்லை, வருத்தமே இருந்தது. பையன் தலை குனிந்து நின்றான். பின் அவனே அருகிற் சென்று, "பிழைதான் ஆச்சி, அழிச்சுப்போடுறன்" என்று அவர் கண்முன்னே அழித்தான். அவர் சற்று நேரம் அவனைப் பார்த்திருந்தார். பிறகு தலையைக் கோதி, சேலையைச் சரிசெய்து, "இப்ப எடு" என்றார்.

யூலியா மாகிரட் கமரன் என்னும் புகழ் வாய்ந்த ஆங்கிலப் படக்கலைஞர் 1875இல் இலங்கைக்கு வந்து, 1879இல் இங்கேயே காலமானார். இந்நாட்டு எளிய மக்களை அவர் எடுத்த படங்கள் இன்றும் போற்றப்படுகின்றன. ஆயின் அப்படங்களில் உள்ள பலரின் பெயர் எவருக்கும் தெரியாது. அவர்களுக்கு ஒரு பிரதி கிடைத்ததா என்று நான் எண்ணுவதுண்டு. எமது மாணவன் ஆச்சியின் பெயரைக் கேட்டுக் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டான்.

மறு வாரம் அப்படத்தைத் தாளில் அச்சிட்டு, மூவருமாகச் சென்று கொடுத்தோம். ஆச்சி ஈரக் கையைச் சேலையில் துடைத்துவிட்டு இரு கைகளாலும் வாங்கினார். நெடுநேரம் பார்த்தார். "சுனாமிக்குப் பிறகு வீட்டில இருக்கிற முதற் படம் இதுதான், ஐயா" என்றார். திரும்பி வரும் வழியில் பையன் ஒன்றும் பேசவில்லை. அவன் வீட்டுப் படலையில் பிரியும்போது மட்டும், "சேர், எங்கட அம்மம்மாவையும் இண்டைக்கே எடுக்கப் போறன்" என்றான்.

மாணவ நண்பர்களே, நீங்களும் ஒரு நாள் கமராவும் கையுமாகப் புறப்படுங்கள். பன்னிரண்டு படங்கள் எடுங்கள், கேட்டு எடுங்கள், எடுத்தவற்றுள் ஒன்றையேனும் தாளில் அச்சிட்டு உரியவர் கையிற் சேருங்கள். புறப்படுமுன் உங்கள் வீட்டு முற்றத்தையும் ஒருமுறை பாருங்கள். அங்கே யாரேனும் கிடுகு பின்னிக்கொண்டிருக்கக் கூடும்.